முகம் காட்டாத சாட்சிகள்



பிரியா கோஸ்வாமியின் 'எ பிஞ்ச் ஆஃப் ஸ்கின்' (2012) ஆவணப்படத்தில், 7 வயது வாக்கில் தங்களுக்குச் செய்யப்பட்ட 'கத்னா' என்னும் பிறப்புறுப்புச் சிதைப்பைப் பற்றி தாவூதி போரா பெண்கள் பேசுகிறார்கள். பலர் முகம் காட்டவில்லை. வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்.

ஊர்விலக்கம் நமக்குத் தெரியாததா? அங்கே விலக்கப்பட்டவருக்குப் பள்ளிவாசலும் இல்லை, மையவாடியும் இல்லை. இதைத் தடுக்க 1949இல் பம்பாய் மாகாணம் போட்ட சட்டத்தை, போரா மதத்தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அப்படியிருந்தும் 2015இல் மசூமா ரனால்வி உள்ளிட்ட பெண்கள் சொந்தப் பெயரில் கத்னாவுக்கு எதிராக மனு எழுதினார்கள். இதை முஸ்லிம் வெறுப்புக்குத் தீனியாக்கக் காத்திருப்பவர்களை அவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

அந்த 1962 தீர்ப்பு குறித்த கேள்வி 2023இல் 9 நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. படத்தைத் திரையிடும் தோழர்கள் அந்த வழக்கையும் சேர்த்துப் பேசுங்கள்.