தனியே விடாதிருத்தல்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தாதிய சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



"பெருந்தொற்றுக் காலத்தில் நலிந்தோரையும் மரணப் படுக்கையில் உள்ளோரையும் பராமரித்தல்" என்பது விழாக்குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு. விழா மேடைக்கு இது பொருத்தமா என்று சிலர் யோசிக்கலாம். நூறு வருடத்தில் இந்தப் பாடசாலையிலிருந்து வெளியேறியவர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தாதிமார், மருத்துவமாதுகள், பிள்ளைமடுவம் பார்த்தவர்கள் எத்தனை பேர்! எந்தச் சம்பளமும் இல்லாமல், படுத்த படுக்கையான மாமியாரையோ தகப்பனையோ வருடக்கணக்கில் பார்த்தவர்கள் அதைவிட எத்தனை பேர்! சங்கத்தின் அறிக்கைகளில் எழுதப்படாத சேவை அதுதான். ஆகவே இந்தத் தலைப்பு நமக்குச் சொந்தமானது.

நான் நமுனுகுல மலையடியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இங்கே படித்து, தாதியாகி, அரச ஆஸ்பத்திரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து, கொவிட் காலம் முடியும் தறுவாயில் ஓய்வு பெற்றவள். இன்று சொல்ல வந்தது ஒரு விடயம்தான். நோய் பரவாமல் தடுப்பதும் பராமரிப்பு. நோயாளியைத் தனியே விடாதிருப்பதும் பராமரிப்பு. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். ஆனால் நோய் வாசலுக்கு வந்த பிறகு யோசித்தால் முடியாது. அதற்கு முன்னமே ஆயத்தம் வேண்டும்.

"தனிமைப்படுத்தல்" என்ற சொல் 2020இல் நம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கேட்டது. நம் பூட்டன் பூட்டிமாருக்கு அது புதிதில்லை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்து வந்த காலத்தில், வழியிலேயே வாந்திபேதியில் விழுந்தவர்கள் ஏராளம். பிற்காலத்தில் வந்தவர்களை இலங்கை அரசாங்கம் இந்தியக் கரையிலே மண்டபம் முகாமில் நாட்கணக்கில் வைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றியது. தோட்டத்து ஆள் என்றால் முதலில் நோய் கொண்டுவருபவர் என்று பார்க்கிற பார்வை அன்றே தொடங்கிவிட்டது.

பிறகு 1918இல் உலகத்தை உலுக்கிய விஷக்காய்ச்சல் இலங்கைக்கும் வந்தது. அந்த நோயால் இந்தத் தீவில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அன்றைய சனத்தொகையில் அது நூற்றுக்கு 6 பேருக்கு மேல். வைரசு என்னவென்று தெரியாத காலம், மருந்தும் இல்லை. காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, வாயை நனைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்க யாராவது இருந்தார்களா என்பதுதான் அன்று இருந்த வைத்தியம். நமது சங்கத்தைத் தொடங்கிய பாட்டிமார் அந்தக் காய்ச்சலைச் சிறுவயதில் கண்டவர்களாக இருந்திருப்பார்கள்.

இனி நாம் கண்ட காலத்துக்கு வருவோம். 2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டது. தேயிலைத் தொழில் நடக்க அனுமதி இருந்தது. ஊர் அடங்கியிருந்தபோது கொழுந்து மலை அடங்கவில்லை. பேர் போட்டால்தான் சம்பளம் என்பதால் நம்மவர்களும் போனார்கள். மாலையில் அவர்கள் திரும்பி வந்தது லயத்துக்கு. ஆளுக்கு ஒரு மீற்றர் இடைவெளி விடுங்கள் என்று வானொலி சொன்னது. ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்பும் உள்ள வீட்டில், அதிலே ஒரு மூலை அடுப்படி, மற்ற மூலையில் பாட்டி, நடுவில் ஐந்து பேர். எங்கே விடுவது அந்த மீற்றரை? பீலியும் பொது, கானும் பொது, சில இடங்களில் கக்கூசும் பொது.

அந்த வருடம் ஒக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடை கொத்தணிகள் வந்தன. கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வருவார்களோ என்று தோட்டங்கள் பயந்தன. வந்த பிள்ளைகளைக் கண்டு அயலவர் கதவைச் சாத்திய இடங்களும் உண்டு. அதே லயத்தில், மூடிய கதவுக்கு முன்னால் அரிசியும் பருப்பும் வைத்துவிட்டு, தள்ளி நின்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பெண்களும் உண்டு. பண்டாரவளைப் பக்கமும் பசறைப் பக்கமும் இந்த இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. இரண்டாவது ஆள் செய்ததைத்தான் நான் பராமரிப்பு என்கிறேன். தள்ளி நின்றதனால் தொற்றைத் தடுத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதனால் ஆளைத் தனியே விடவில்லை.

2021 ஓகஸ்ட் மாதம் மிகவும் கடினமானது. டெல்டா அலை. நாட்டிலே ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் இறந்த நாட்கள் இருந்தன. ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை மறுபடியும் நாடு மூடப்பட்டது. இந்தியாவிலிருந்து கப்பலில் ஒட்சிசன் வந்தது. வார்டில் கட்டில்கள் போதவில்லை. தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்புக்குள் நாங்கள் இருந்தோம். எங்கள் முகம் நோயாளிக்குத் தெரியாது. எந்தத் தாதி வருகிறாள், போகிறாள் என்று அவர்களுக்கு அடையாளம் இல்லை. பார்வையாளர் இல்லை. பஸ் ஓடாததால் உறவினர் ஆஸ்பத்திரி வாசல்வரை வரவும் வழியில்லை.

அங்கே நான் படித்த பாடம் சிறியது. தோட்டத்துப் பாட்டி ஒருவருக்குப் பக்கத்துக் கட்டில் தாதி சிங்களத்தில் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், "என்னம்மா, சாப்பிட்டீங்களா?" என்ற ஒரு வார்த்தைக்குத்தான் கண் திறந்தது. உடுப்புக்கு மேலே எங்கள் பேரைப் பேனையால் எழுதிக்கொண்டோம். நோயாளியின் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசவைத்தோம். பேச முடியாத நிலையில் இருந்தவர்களின் காதோடு தொலைபேசியை வைத்து, மறுபக்கத்தில் உள்ளவர்களைப் பேசச் சொன்னோம். மயக்கத்திலும் காது கேட்கக்கூடும் என்பது தாதிமாருக்குப் படிப்பிக்கப்படும் விடயம். தோட்டத்தில் பல வீடுகளில் தொலைபேசியில் காசு இருக்காது, சில இடங்களில் சிக்னல் இருக்காது. ஒரு தாயின் கடைசி நேரம் ஐம்பது ரூபாய் ரீலோட்டில் தங்கியிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததாக நினைக்காதீர்கள். இங்கே கனடாவிலிருந்து வந்த அக்காமார் இருக்கிறீர்கள். அந்த நாட்டில் முதல் அலையில் இறந்தவர்களில் ஐந்து பேரில் நான்கு பேர் முதியோர் பராமரிப்பு இல்லங்களோடு தொடர்புடையவர்கள். பணக்கார நாடு, வசதியான கட்டில், ஆனாலும் வயதானவர்கள் தனியே போனார்கள். அவர்களுக்குள் தமிழைத் தவிர வேறு மொழி அறியாத நம்மவர்களும் இருந்திருப்பார்கள்.

இறந்த பிறகு நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்தில் ஒரு சாவு என்றால் தப்புச் சத்தம் கேட்கும். மரண சகாய சங்கம் காசு கொண்டுவரும். கோடி போடுவார்கள், வாய்க்கரிசி போடுவார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி வரை வீட்டில் ஆள் குறையாது. கொவிட் காலத்தில் மூடிய பெட்டி ஒன்று, கூட நிற்க ஓரிருவர், அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் 11ஆந் திகதி வர்த்தமானியின்படி கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆகவேண்டும் என்றானது. புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே சொல்லியிருந்தது. முஸ்லிம் சகோதரிகளுக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்பதை உங்களோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களிடம் கேளுங்கள். மலையகத்தில் இந்துக்களிலும் பலர் புதைக்கும் வழக்கமுடையவர்கள், கிறிஸ்தவர்களும் அப்படியே. 2021 பெப்ரவரியில்தான் அந்த விதி மாறியது. மார்ச்சிலிருந்து மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடியில் மட்டும் புதைக்க அனுமதித்தார்கள். ஒரு வருடத்தில் 3,600 பேருக்கு மேல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள்; இந்துக்கள், பௌத்தர்கள், கிறிஸ்தவர்களும் அந்த மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு நல்லது. ஆனாலும் தகப்பனின் சாம்பலைக் கூடக் கையில் வாங்காத மகனுக்கு அந்த நாள் திரும்பி வராது.

கடைசி முகத்தைப் பார்க்காத துக்கம் சீக்கிரம் ஆறாது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது, உடல் கிடைக்காத குடும்பங்களை நாம் பார்த்தோம். பதுளை மாவட்டத்துக்கு இது தெரியும். ஆகவே இறந்தவரின் வீட்டுக்குப் போய் இருப்பதும், மாதங்கள் கழித்தாவது ஒரு திதியோ பூசையோ பாத்திஹாவோ நடத்த உதவுவதும் பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வீட்டில் தொற்று நோயாளி இருந்தால் பார்ப்பதற்கு ஒருவர் மட்டும் போதும்; வயது குறைந்த, வேறு வருத்தம் இல்லாத ஒருவர். இரண்டு பேரும் முகக்கவசம் போடவேண்டும். கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். நம் மலைக்காற்று குளிர் என்றாலும் கம்பளியால் போர்த்தித் திறந்து வையுங்கள். கை கழுவச் சவர்க்காரம் வாசலில் இருக்கட்டும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி லயத்துக்கு ஒன்றாவது வேண்டும். கொவிட் நோயில் மூச்சு வாங்காமலே ஒட்சிசன் குறையும். 94க்குக் கீழே போனால் காத்திருக்காமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும், 1990க்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்றால், நோயாளியை எந்த இடம்வரை யார் தூக்கி வருவது என்பதை முன்னமே பேசி வைத்திருக்க வேண்டும்.

பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவருக்கும் செய்வதற்கு நிறைய உண்டு. சாப்பாட்டைத் திணிக்காதீர்கள். ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் நனையுங்கள். ஒரே பக்கமாகக் கிடக்க விடாமல் திருப்பிப் படுக்க வையுங்கள். தொண்டையில் கறகற என்ற சத்தம் வந்தால் பயப்படாமல் பக்கவாட்டில் சாய்த்து விடுங்கள். வலியும் மூச்சுத் திணறலும் தாங்க வேண்டியவை என்று நினைக்காதீர்கள். அதற்கு மருந்து உண்டு, கேளுங்கள். உலகில் வலிக்குக் கொடுக்கப்படும் மோர்பின் வகை மருந்தில் ஏழைகளான அரைப்பங்கு மக்களுக்குக் கிடைப்பது 1 வீதம்தான் என்று 2017இல் லான்செட் ஆணைக்குழு சொன்னது. கேட்கத் தெரியாததாலும் நாம் அந்த அரைப்பங்கில் இருக்கிறோம்.

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் முதலில் ஒரு தாதி. இறப்பவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனதிலும், குடும்பத்திலும், நம்பிக்கையிலும் இருக்கிறது என்றார். பக்கத்தில் கேரளாவிலே 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை, பிறகு மலப்புறம் முதலிய இடங்களில் அயலவர்களே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008இல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. பெரிய கட்டிடம் கட்டி அவர்கள் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கினார்கள்.

நம் தோட்டங்களில் அந்த அயலவர் ஏற்கெனவே இருக்கிறார். "துணைக்குப் படுக்கப் போறேன்" என்று தலையணையோடு பக்கத்துக் காம்பராவுக்குப் போகும் பெண்ணை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அவருக்கு வேண்டியது கொஞ்சம் பயிற்சியும் ஒரு பையும்.

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் இது. நூற்றாண்டு நினைவாக மண்டபத்துக்கு வர்ணம் பூசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, நம் மாணவியர் வரும் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களைத் தெரிந்தெடுத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசிப் பயிற்சி கொடுப்போம். ஒட்சிசன் மானி, உடல்வெப்பமானி, முகக்கவசம், கையுறை, ஜீவனி, ஒரு தொலைபேசி அட்டை இவற்றோடு ஒரு பை கொடுப்போம். லயத்தில் தனியாக இருக்கும் வயோதிபர், படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணிகள் பெயரெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கட்டும். தமக்கு யார் பக்கத்தில் வேண்டும், எப்படி அடக்கம் செய்யவேண்டும் என்று வயதானவர்களிடம் நல்ல காலத்திலேயே கேட்டு அதில் எழுதி வைப்போம். ஓய்வுபெற்ற தாதிமார் நாங்கள் மாறி மாறி வந்து படிப்பிக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரே, காசு அனுப்புவதோடு, உங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டியை வாரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வரும்போது நமுனுகுலயிலிருந்து மடுல்சீமை வரை எந்த லயத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்த இரண்டு பெண்கள் இருந்தால், நம் சங்கம் தன் இரண்டாவது நூற்றாண்டை நல்லபடியாகத் தொடங்கியது என்று நான் சொல்வேன்.