வழக்கு முடிந்ததா, உறங்குகிறதா?
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"என் மீதிருந்த வழக்கு போய்விட்டது" என்று சொல்வோர் பலர். எப்படிப் போயிற்று என்று வினவினால், "செய்தித்தாளில் வந்ததே" என்பர். இந்த மயக்கத்தினால் பாஸ்போர்ட்டும் வேலைவாய்ப்பும் கைநழுவிப் போகக்கூடும். ஆகவே ஒரு குற்றச்சாட்டு கைவிடப்படுவதற்கும் நிறுத்திவைக்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் கைவிடுதல். 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, குடியுரிமைத் திருத்தச் சட்ட எதிர்ப்புப் போராட்ட வழக்குகள், வன்முறை தொடர்பானவை நீங்கலாக, திரும்பப் பெறப்படும் என அறிவித்தார். அன்றே வழக்கு தீர்ந்ததாகப் பலர் மகிழ்ந்தனர். ஆயினும் நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கை ஓர் அறிவிப்பு மட்டும் முடித்துவிடாது. அவ்வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர் மனுச் செய்து, நீதிமன்றம் இசைவு தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு இதனைக் கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேளாமல் இசைவு தரலாகாது என்பதையும் அது சேர்த்துள்ளது. நீதிமன்ற விசாரணைக்கு வருமுன் காவல்துறையே "மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது" என அறிக்கை தருவதும் உண்டு. அவ்வறிக்கையை ஏற்பதா என்பதை நீதித்துறை நடுவர் முடிவு செய்வார்.

திரும்பப் பெறுதலிலும் இரு நிலைகள் உள்ளன. நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்யுமுன் வழக்கு திரும்பப் பெறப்பட்டால், குற்றஞ்சாட்டப்பட்டவர் 'விடுவிக்கப்படுகிறார்'. பதிவு செய்த பின்னரோ, குற்றச்சாட்டுப் பதிவு தேவைப்படாத சிறு வழக்குகளிலோ திரும்பப் பெறப்பட்டால், அவர் 'விடுதலை' அடைகிறார். விடுதலை பெற்றவரை அதே குற்றத்திற்காக மீண்டும் விசாரிக்க இயலாது. 337ஆம் பிரிவு அதனைத் தடுக்கிறது. விடுவிப்பு என்பதோ விடுதலை ஆகாது என அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. அத்தகையோர் மீது மீண்டும் நடவடிக்கை வர வழி முற்றிலும் அடைபட்டதாகச் சொல்லலாகாது.

இனி நிறுத்திவைத்தல். இதற்குத் தெளிவான சான்று தேசத்துரோகச் சட்டப் பிரிவாகும். இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின்கீழ் நிலுவையிலிருந்த விசாரணைகளையும் மேல்முறையீடுகளையும் நிறுத்திவைக்குமாறு உச்சநீதிமன்றம் 2022 மே 11 அன்று ஆணையிட்டது. அதனால் எவரும் குற்றமற்றவரென அறிவிக்கப்படவில்லை. அதே வழக்கிலிருந்த பிற பிரிவுகளின் விசாரணை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் பாதகம் நேராதெனில் தொடரலாம் என்றும் அவ்வாணை கூறிற்று. ஆகவே ஒரே மனிதரின் வழக்கில் ஒரு பிரிவு உறங்க, மற்றொரு பிரிவு விழித்திருக்கலாம்.

உயர்நீதிமன்றம் வழங்கும் இடைக்காலத் தடையும் இத்தகையதே. ஆறு மாதத்தில் தடை தானாகவே காலாவதியாகும் என்று 2018இல் ஒரு தீர்ப்பு கூறியது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியது. தடை ஆறு மாதத்தில் தானாக நீங்காது. ஆயினும் அது விலக்கப்படும் நாளில் வழக்கு விட்ட இடத்திலிருந்து எழும். தடை எத்தனை ஆண்டு நீடித்தாலும் வழக்கு நிலுவையிலுள்ள வழக்கே ஆகும்.

வெளிநாடு செல்லத் துடிக்கும் இளைஞர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். நிலுவையிலுள்ள குற்ற வழக்கைக் காரணம் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்க, பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால் பாஸ்போர்ட் பெறலாம் என 1993 ஆகஸ்ட் 25ஆம் நாளிட்ட மத்திய அரசின் அறிவிக்கை வழிவகுத்துள்ளது. நேர்வழி இருக்க, மறைப்பானேன்? அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தில் கேட்கப்படும் விவரத்தை உண்மையாகத் தர வேண்டும் என 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. வழக்கைவிட, அதை மறைத்ததே சிலருக்குப் பெருங்கேடாக முடிகிறது.

ஆகவே வழக்குள்ள ஒவ்வொருவரும் நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதில் மூன்றைப் பாருங்கள். ஆணையிட்டது எந்த நீதிமன்றம்? எந்தெந்தப் பிரிவுகளுக்கு அது பொருந்தும்? அதிலுள்ள சொல் விடுதலையா, விடுவிப்பா, தடையா? ஐயமிருப்பின் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதன் பின்னரே படிவத்தை நிரப்புங்கள்.

ஜமாஅத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. திருமணப் பேச்சின்போது ஒருவரைப் பற்றி விசாரிக்க வருவோரிடம், விடுதலை பெற்றவரை "கேசு உள்ளவர்" என்று சொல்வது அநீதி. வழக்கு நிறுத்திவைக்கப்பட்டவரை "எல்லாம் முடிந்தது" என்று சொல்லிப் பெண் வீட்டாரை நம்பவைப்பதும் அநீதியே. அதே வேளையில், நிலுவையிலுள்ள வழக்கு குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதற்குச் சான்றாகாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்வதே இரு வீட்டாருக்கும் நாம் செய்யும் நன்மையாகும்.