நாமும் வரி கட்டுகிறோம்



"நானென்ன வரியா கட்டுறேன் சாமி, ரோடு கேக்குறதுக்கு? ஓட்டுக்குக் காசு குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்" என்றார் ஒரு தாய்.

அம்மா, நீங்கள் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் 2017 முதல் ஜி.எஸ்.டி. இருக்கிறது. அதில் பணக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே விகிதம்தான்.

வரி செலுத்துவதும் வாக்களிப்பதும் நமது கடமை என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2240). கடமையைச் செய்தவர் கணக்குக் கேட்கலாம். வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயுவே, ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாக ஆண்டவர் முன் எழுந்து நின்று சொன்னாரே!

ஆனால் ஓட்டுக்குக் காசு வாங்கிய கை, கேள்வி கேட்க உயராது. வாங்காமல் ஓட்டுப் போடுங்கள். தலைநிமிர்ந்து ரோடு கேளுங்கள்.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.