கட்டைகளுக்கு நடுவே



இந்திய வானொலியில் ஒரு வாத்தியத்தின் குரல் 31 ஆண்டுகள் கேட்கவில்லை. 1940 மார்ச் மாதம் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971இல்தான் அந்தத் தடை, அதுவும் நிபந்தனைகளோடு, தளர்ந்தது. வெளிநாட்டுப் பெட்டி என்ற கோபமும் அதற்குப் பின்னால் உண்டு. ஆனால் முன்வைத்த முக்கியமான குற்றச்சாட்டு வேறு: நம் பாட்டில் உள்ள நுண்ணிய சுருதிகள் அந்தப் பெட்டியில் இல்லை.

அதை உரத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஆங்கிலேயர். ஜான் ஃபோல்ட்ஸ் என்று பெயர். மான்செஸ்டரில் 1880இல் பிறந்தவர், இசையமைப்பாளர். ஐரோப்பிய இசை ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு இடமாகப் பிரித்து அதோடு நின்றுவிட்ட காலத்தில், அந்தப் பன்னிரண்டுக்கு நடுவே இருக்கும் கால் சுரங்களை வைத்துப் பாட்டு எழுதிப் பார்த்தவர். 1905இல் அவர் எழுதிய செல்லோ சொனாட்டாவிலேயே கால் சுரங்கள் உண்டு. 1935இல் இந்தியா வந்தார். டெல்லி வானொலி நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவைக் கவனித்தார். 1938இல் ஆர்மோனியத்தைக் கண்டித்து வானொலிப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஆண்டே கல்கத்தாவில் காலமானார். தடை வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அந்தத் தடை சரியா தவறா என்று இன்று வழக்காடப் போவதில்லை. நான் கேட்பது வேறு. ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே அப்படி என்ன இருக்கிறது? அது நம் காதுக்குக் கேட்கிறதா? இதைக் கேட்டுப் பார்க்க எங்கள் கீழ்பென்னாத்தூரை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காரணம், தெருக்கூத்து.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். இந்த வட்டாரம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள். பாரதம் படித்து, இரவிரவாகக் கூத்து ஆடி, தீமிதியில் முடியும் திருவிழாக்கள். விடிய விடிய நடக்கும் கூத்தில் மேடைக்குப் பின்பக்கம் பாருங்கள். ஆர்மோனியம் இருக்கும். மிருதங்கம் இருக்கும், தாளம் இருக்கும். பக்கத்தில் ஒருவர் ஒரு முழத்துக்கும் குறைவான ஒரு குழலை வாயில் வைத்திருப்பார். அதுதான் முகவீணை. பெயரில்தான் வீணை; நாதசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுகிற வாத்தியம். ஒரே பாட்டுக்கு, ஒரே நேரத்தில், ஆர்மோனியமும் முகவீணையும் ஒலிக்கின்றன. ஒன்றுக்குக் கட்டைகள் வைத்த இடம்தான் இடம். மற்றொன்று உதடும் மூச்சும் போகிற இடமெல்லாம் போகும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கீழ் ஸா முதல் மேல் ஸா வரை உள்ள தூரத்தை 1200 சென்ட் என்று அளக்கிறார்கள். அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1885இல் பரப்பிய அளவு அது. அந்தத் தூரத்துக்கு ஆர்மோனியத்தில் பன்னிரண்டு கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே சரியாக 100 சென்ட். சாதாரணமான காதுக்கு, அடுத்தடுத்துக் கேட்கும் இரண்டு நீண்ட ஒலிகளில் 5 சென்ட் அளவு வித்தியாசம் இருந்தாலே ஏதோ மாறியது என்று தெரிந்துவிடும். பழகிய காதுக்கு அதைவிடக் குறைவே போதும். அப்படியானால் இரண்டு கட்டைகளுக்கு நடுவே, காது பிரித்தறியக்கூடிய இடங்கள் ஏறக்குறைய இருபது இருக்கின்றன. நம் உட்செவியில் இருக்கும் சுருள் குழலுக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. நீளம் 35 மில்லிமீட்டர்தான். அதன் மேல் வரிசையாக நிற்கும் சுமார் 3500 உணர் செல்களைக் கொண்டு நாம் இவ்வளவையும் கேட்கிறோம். எனக்கு இது எப்போதும் ஆச்சரியம்தான்.

இப்போது நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒரு கட்டைச் சுருதியில் அந்தர காந்தாரம். இரண்டு முறை வரும்.

(ஒலி: நொடிக்கு 327 அதிர்வு, மூன்று நொடி. சிறு இடைவெளி. 329.6 அதிர்வு, மூன்று நொடி.)

இரண்டாவது ஒரு பொடி கூடுதல். வித்தியாசம் 14 சென்ட். பிடிபடாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கிறேன்.

(ஒலி: இரண்டும் ஒன்றாக, ஐந்து நொடி.)

ஒலி எழும்பி எழும்பி அடங்குகிறது அல்லவா? நொடிக்கு இரண்டரை முறைக்குக் கொஞ்சம் கூடுதலாக அது துடிக்கிறது. 329.6இலிருந்து 327ஐக் கழித்தால் வருவது எதுவோ அதுவே அந்தத் துடிப்பு. தம்புரா சேர்ப்பவர்கள் இந்தத் துடிப்பைத்தான் தேடுகிறார்கள். முறுக்காணியைத் திருப்பத் திருப்ப அது மெதுவாகி, ஒரு கட்டத்தில் நின்றுபோகும். அப்போது சுருதி சேர்ந்தது என்பார்கள்.

இந்த இரண்டு காந்தாரங்களில் 329.6 ஆர்மோனியக் கட்டையின் காந்தாரம். 327 யாருடையது? தம்புராவுடையது. மந்தர ஸட்ஜத் தந்தியை மட்டும் மீட்டிவிட்டு, தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூல் சரியாக அமைந்திருந்தால், காதைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதற்குள்ளிருந்து எழும். தந்தி தன் முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. ஐந்தில் ஒரு பங்காகவும் பிரிந்து அதிர்கிறது. அந்த ஐந்தாம் பங்கின் குரல்தான் இது. தம்புராவின் மடியிலேயே பாடிப் பழகியவர்களின் குரல், நீண்டு நிற்கும்போது, அந்தக் காந்தாரத்தை நோக்கிச் சாய்வதில் வியப்பில்லை.

சரி, ஒரு ஸ்தாயியில் மொத்தம் எத்தனை சுருதிகள்? இந்தக் கேள்விக்காகத் தன் சொத்தையும் ஆயுளையும் கொடுத்த ஒரு தமிழர் இருந்தார். ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர். ஆசிரியராக இருந்து, சித்த வைத்தியராகித் தஞ்சாவூரில் நிலைத்தார். வைத்தியத்தில் வந்த பணத்தை இசை ஆராய்ச்சிக்குக் கொட்டினார். 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி, வித்வான்களைத் தன் செலவில் வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். நாட்டில் பெரும்பாலோர் சுருதி இருபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, இல்லை, இருபத்து நான்கு, எல்லாம் சமமான இருபத்து நான்கு என்றார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் போய் வாதாடினார். வெறும் கணக்கோடு போகவில்லை. தன் மகள்களை அழைத்துப்போய் இசைத்துக் காட்டச் செய்தார். அடுத்த ஆண்டு, 1917இல், ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919இல் மறைந்தார்.

எதிர்த்தரப்பும் சும்மா இல்லை. தேவல், கிளெமென்ட்ஸ் என்ற இருவர் இருபத்திரண்டு சுருதிகளுக்கும் தனித்தனியாக இடம் வைத்து ஆர்மோனியமே செய்வித்தார்கள். பிறகு நம் ஈழத்து விபுலானந்த அடிகள் பல ஆண்டு உழைத்து, இருபத்திரண்டு அலகுக் கணக்கில் பழைய யாழ்களை மீட்டெடுக்க முயன்றார். அவருடைய ‘யாழ்நூல்’ 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டில் அவரும் போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்கள்!

பண்டிதரின் மேல் எனக்கு அளவற்ற மரியாதை. ஆனாலும் சற்றுமுன் கேட்ட தம்புராக் காந்தாரம் 386 சென்ட்டில் நிற்கிறது. அவருடைய சமமான இருபத்து நான்கில் 350 உண்டு, 400 உண்டு, 386 இல்லை. இருபத்திரண்டுக்காரர்கள் மட்டும் ஜெயித்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1963இல் ஜைராஸ்பாய், ஸ்டோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வடநாட்டு வித்வான்களின் வாசிப்பைக் கருவி வைத்து அளந்தார்கள். ஒரே காந்தாரம் வித்வானுக்கு வித்வான் மாறியது. ஒரே வித்வானின் ஒரே வாசிப்புக்குள்ளும் மாறியது. எந்தப் பட்டியலுக்கும் அது அடங்கவில்லை.

ஏன்? நம் சுரம் பெரும்பாலும் ஓர் இடத்தில் நிற்பதில்லை என்பதால். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மத்யமத்தின் பக்கம் ஏறி, அசைந்துகொண்டே இருக்கும் அது. அதன் இடம் எத்தனை சென்ட் என்று கேட்பது, ஆடுகிற ஊஞ்சல் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எந்தப் பக்கம் ஒரு கணம் கூடுதலாகத் தங்குகிறது, இவைதான் தோடி. கட்டைகளுக்கு நடுவே இருப்பது இன்னும் சில புள்ளிகள் அல்ல, வழிகள். பத்தொன்பது, இருபது என்று கட்டைகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் அந்த வழி கிடைக்காது.

இதற்குக் கூத்து மேடையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கர்ண மோட்சத்தில் பொன்னுருவி அழுகிற இடம், துகிலுரிதலில் திரௌபதி முறையிடுகிற இடம் போன்றவற்றில் முகாரி ராகம் வரக் கேட்டிருப்பீர்கள். முகாரிக்கு ஆர்மோனியத்தில் எந்தெந்தக் கட்டைகள் வேண்டும்? சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், இரண்டு தைவதமும், கைசிகி நிஷாதம். பைரவிக்கு? அதே கட்டைகள்தான். ஒன்றுகூட மாற்றமில்லை. ஆனால் இரண்டு வரி பாடினால் போதும், நிலக்கடலை பிடுங்கிவிட்டுக் களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் எது அழுகை, எது கம்பீரம் என்று தெரிந்துவிடும். ராகப் பெயர் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. சுரங்கள் வரும் வரிசை ஒரு காரணம். ஒவ்வொரு சுரத்தையும் எப்படிப் பிடித்து, எங்கிருந்து இழுத்து, எங்கே குழைத்து விடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம். சென்ட் என்ற சொல்லைக் கேட்டிராத காதுகள் சென்ட் கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அப்படியென்றால் இப்படிப்பட்ட இசையை ஒருவர் எழுதி இயற்றுவது எப்படி? தாளில் ‘க’ என்று எழுதிவிடலாம். அந்த ‘க’வுக்குள் நடப்பதை எழுதுவதுதான் கஷ்டம். எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதர் அதையும் முயன்று பார்த்தார். 1904இல் அச்சான அவருடைய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் சுர எழுத்துகளின் மேல் சிறுசிறு குறிகள் இருக்கும். அசைவுக்கு ஒரு குறி, இழுப்புக்கு ஒரு குறி, வழுக்கலுக்கு ஒரு குறி. கமகங்களை அச்சுக்குள் கொண்டுவர நடந்த மாபெரும் முயற்சி அது. அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். குறி வழி காட்டும். ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒருமுறையாவது காதால் கேட்டவருக்குத்தான் அது முழுமையாகத் திறக்கும். ஃபோல்ட்ஸ் போன்றவர்கள் கால் சுரத்தைத் தாளில் குறித்து வாத்தியக்காரரிடம் கொடுத்தார்கள். நம்மவர்கள் ராகத்தையும் சாகித்தியத்தையும் சிஷ்யனின் காதில் வைத்தார்கள். இயற்றுவதில் பாதி அந்தக் காதைத் தயார் செய்வது.

கூத்து வாத்தியார்களும் அப்படித்தான். எங்கள் மாவட்டத்திலேயே, செய்யாறு பக்கம் புரிசையில், தலைமுறை தலைமுறையாகக் காதுவழியே இந்தப் பாட்டுகள் இறங்கி வந்திருக்கின்றன. ஆர்மோனியம் பின்னால் வந்து சேர்ந்தது. சத்தம் உண்டு, சுருதி நழுவாது, விடியும்வரை பாடுகிற தொண்டைக்கு அது பெரிய தாங்கல். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் கவலை முகவீணையைப் பற்றியது. ஊதுகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். ஆர்மோனியத்தின் இடத்துக்கும் இப்போது மின்சாரக் கீபோர்டு வருகிறது. முகவீணை எழுந்துபோன மேடையில் கட்டைகள் மட்டும் மிச்சமானால், அடுத்து வரும் பிள்ளைகளுக்கு முகாரியின் காந்தாரம் 300 சென்ட்டில் விறைத்து நிற்கும். பாடுகிறவரும் பெட்டியைப் பார்த்துப் பாடத் தொடங்கிவிடுவார்.

கீபோர்டு வாசிக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாடுகிறவர் முகாரியில் நிரவல் எடுக்கும்போது காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அழுத்தாதீர்கள். ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் பிடித்துக்கொண்டிருங்கள், போதும். நடுவில் இருப்பதைப் பாடுகிறவரும் முகவீணையும் பார்த்துக்கொள்வார்கள். விழாக்குழுப் பெரியவர்களுக்கு இன்னொன்று: கூத்து ஜமாவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே முகவீணை உண்டா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் கூட்டிவருவார்கள். நாலு ஊரில் கேட்டால் ஐந்தாவது ஊருக்கு ஒரு பையன் கற்றுக்கொள்வான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பயிற்சி. கைப்பேசியிலேயே தம்புராச் செயலி கிடைக்கிறது. தினமும் ஐந்து நிமிடம் அதைப் போட்டு ஸட்ஜத்தை மட்டும் சேர்த்துப் பாடுங்கள். துடிப்பு நிற்கும்வரை குரலை நகர்த்துங்கள். பிறகு அந்தர காந்தாரத்தை வைத்துப் பாருங்கள். முதலில் ஆர்மோனியத்தின் இடத்துக்குத்தான் போவீர்கள். அங்கிருந்து குரலை மயிரிழை இறக்கினால் தம்புரா அதை வாங்கிக்கொள்வது காதில் தெரியும். சில வாரங்களில், கூத்தில் முகவீணை எப்போது பெட்டியை விட்டு விலகுகிறது என்று தானாகவே கேட்கத் தொடங்கிவிடும்.

இப்போது முகவீணை. ஆர்மோனியத் துணை இல்லை. இரண்டு ராகம், ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம். இரண்டிலும் ஒரே சுரங்கள். முதலில் வருவது முகாரியா பைரவியா என்று சொல்லப் போவதில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

(முகவீணை.)