மோரீசுத் தீவிற் காண்டற்குரியன
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் விடுமுறைக் காலத்தில் கடல்கடந்து அயல்நாடு காணச் செல்வோர் பலராயினர். இது மகிழ்தற்குரியதே. ஆனால், மீண்டு வந்தாரை, “ஆண்டு யாது கண்டீர்?” என்று வினவின், “நீலக் கடல் கண்டோம், வெண்மணல் கண்டோம்” என்பதற்குமேல் ஒன்றும் உரையார். நீலக் கடல் நம் நாகப்பட்டினத்திலும் உண்டன்றோ? ஆதலின், ஒரு தீவை எங்ஙனம் காண்டல் வேண்டும் என்பதனை, மோரீசுத் தீவை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிறிது கூற விழைகின்றேன்.

மோரீசு என்பது இந்துமாக் கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எரிமலை கக்கிய குழம்பு இறுகிப் பிறந்த நிலம் அது. சுற்றிலும் பவளப்பாறை வேலிபோற் சூழ்ந்துள்ளது. கியூர்பீப் நகரில் அவிந்த எரிமலையின் வாய் இன்றும் பெரியதொரு கிண்ணம்போற் காணப்படும். சாமரேல் என்னுமிடத்தில் செம்மையும் பழுப்பும் ஊதாவும் எனப் பல நிறங்கொண்ட மண்மேடுகள் அலையலையாக விளங்கும். எரிமலைப் பாறை நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து மண்ணாகியபோது, அதிலுள்ள இரும்பு முதலியவற்றின் வேறுபாட்டால் அந்நிறங்கள் தோன்றின. இவை இயற்கை தந்த காட்சிகள். காண்க, வியக்க. ஆயினும் இவற்றோடு நின்றுவிடின், தீவின் ஒருபாதியையே கண்டவராவோம்.

மறுபாதி மனிதர் வரலாறாகும். முற்காலத்தில் அத்தீவிற் குடிகள் இல்லை. 1598-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆண்டு இறங்கித் தம் இளவரசர் பெயரால் அதற்கு மோரீசு எனப் பெயரிட்டனர். பறக்கவியலாத டோடோ என்னும் பெரும்பறவை அக்காலத்து அங்கே வாழ்ந்தது. மனிதரும், அவர் கொணர்ந்த எலி, பன்றி முதலியனவும் புகுந்தபின், நூறாண்டு செல்லுமுன்னரே அவ்வினம் அடியோடு அழிந்தது. இன்று அதன் எலும்புக்கூட்டைப் போர்ட் லூயி நகரத்துக் காட்சிச்சாலையிற் காணலாம். அழிப்பது எத்துணை எளிது என்பதை அவ்வெலும்புகள் கற்பிக்கும்.

ஒல்லாந்தர் நீங்கியபின் 1715-இல் பிரெஞ்சுக்காரரும், 1810-இல் ஆங்கிலேயரும் தீவைக் கைப்பற்றினர். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொன்னே என்பார் துறைமுகமும் மாளிகைகளும் எழுப்பப் புதுச்சேரிப் பக்கத்தினின்று தமிழ்க் கொத்தரையும் தச்சரையும் வருவித்தார். ஆகவே போர்ட் லூயியின் பழந்தெருக்களில் உலவுவோர், அக்கட்டடங்களில் நம்மவர் கைத்திறனும் கலந்துள்ளது என்பதை மறத்தலாகாது.

பாம்பிளமூசு என்னும் ஊரிலுள்ள தாவரத் தோட்டம் பெரும்புகழ் வாய்ந்தது. ஆண்டுள்ள குளத்தில் தாம்பாளம்போல் விளிம்பு நிமிர்ந்த பேரிலைகளையுடைய அல்லியைக் கண்டு மகிழலாம். அங்கே தாளிப்பனைகளும் உண்டு. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்துக் காய்த்து, அதனோடு மடியும் மரம் அது. நம் முன்னோர் நூல்களை எழுதிவைத்த சீதாள ஏடு அம்மரத்தின் ஓலையே. தமிழ் கற்றார் ஒருவர் அதன்முன் கைகூப்பி நிற்பினும் தவறில்லை.

தீவின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்னும் மலை 556 மீட்டர் உயரத்திற் செங்குத்தாக நிற்கின்றது. ஆப்பிரிக்காவினின்றும் பிற இடங்களினின்றும் கொணரப்பட்ட அடிமைகள், எசமானர் கொடுமைக்கு ஆற்றாது ஓடி அம்மலையில் ஒளிந்து வாழ்ந்தனர். 1835-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளன்று அடிமைமுறை ஒழிந்தது. விடுதலைச் செய்தி கூறவந்த காவலரைத் தம்மைப் பிடிக்க வந்தாரென்று கருதி, அவருட் பலர் உச்சியினின்று வீழ்ந்து மாண்டனர் என்பது அந்நாட்டார் வழிவழி சொல்லிவரும் செய்தி. 2008-இல் அம்மலை உலக மரபுச் சின்னமாயிற்று. அதன் அடியில் நீராடுவோர் ஒருமுறை உச்சியை நோக்குவாராக.

இனி, யான் தலையாயதாகக் கருதும் இடத்திற்கு வருகின்றேன். போர்ட் லூயித் துறையருகே ஆப்பிரவாசி காட் என்னும் பழைய கட்டடப் பகுதி ஒன்று உளது. அதன் வாயிலிற் பதினாறு கற்படிகள் உள்ளன. அடிமைகள் நீங்கியபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், குறித்த ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் செய்விக்கப்பட்டு, பெரும்பாலும் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைகளினின்று அங்கே சென்றனர். 1849-இல் அவ்விடத்திற் குடியேற்றக் கிடங்கு அமைந்தபின், வந்திறங்கியோர் அப்படிகளின் வழியே ஏறினர். 2006-இல் அதுவும் உலக மரபுச் சின்னமாயிற்று. பார்வைக்கு அழகியதன்று, ஐந்து நிமிடத்தில் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் அக்கற்களில் தேய்ந்தவை நம்மவர் காலடிகள்.

அவர் செய்த பணிக்குச் சான்று வழிகாட்டி நூல்களில் எளிதிற் கிட்டாது. கரும்புக் கொல்லைகளின் நடுவே கருங்கற்கள் சிறு குன்றுகளாகக் குவிந்திருப்பதைக் காணலாம். நிலத்தை உழவுக்கு ஆக்க, எரிமலைக் கற்களைக் கையாற் பெயர்த்துச் சுமந்து அடுக்கிய குவியல்கள் அவை. கோபுரத்தைக் கண்டு வணங்கும் நாம் அக்குவியலையும் வணங்குதல் தகும்.

அன்பர்காள்! நம் குடும்பங்கள் சிலவற்றில் “கப்பலேறிப் போனவர்” என்னும் சொல்லோடு நின்றுபோன முன்னோர் உண்டு. அக்குடியேற்றப் பதிவேடுகள் மோக்கா என்னும் ஊரில், 1970-இல் அமைந்த மகாத்மா காந்தி நிறுவனத்திற் காக்கப்பெறுகின்றன. வந்தவருக்கு இட்ட எண், பெயர், தந்தை பெயர், ஊர், வயது, உயரம், அங்க அடையாளம் முதலியன அவற்றிற் காணும். சாதி என்றொரு கட்டமும் உண்டு. நம் சங்கத்தார் அக்கட்டத்தையே முதலில் நோக்குவர் என்பதை யான் அறிவேன். நோக்குக. ஆனால் ஒன்று நினைக: கட்டங்கள் வெவ்வேறாயினும் எல்லாரும் ஏறிய படி ஒன்றே, எல்லாரும் சுமந்த கல்லும் ஒன்றே. நம் மரபின் பெருமை பேசக் கூடும் இவ்வவையில் இதனைச் சொல்லாது விடுவேனாயின், யான் கற்ற தமிழ் என்னை இகழும்.

அவர் வழித்தோன்றல்கள் இன்று வீட்டிற் பெரும்பாலும் கிரியோல் மொழியே பேசுகின்றனர். ஆறுமுகம் ‘ஆர்மூகம்’ ஆகவும், சிதம்பரம் ‘செதம்ப்ரம்’ ஆகவும் திரிந்தன. ஆயினும் தைப்பூசம் அந்நாட்டில் அரசு விடுமுறை நாள். காவடியேந்திக் குன்றேறி முருகனை வழிபடுகின்றனர். 1998-இல் வெளிவந்த புதிய பணத்தாள்களில் தமிழெழுத்து இந்தியெழுத்திற்குப் பின்னாக வைக்கப்பட்டபோது அவர் கொதித்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, தமிழ் மீண்டும் முன் வைக்கப்பெற்றது. பேச்சில் நழுவிய மொழியை எழுத்திலேனும் காக்க அவர் போராடினர். வீட்டில் மொழி கெடாதிருந்தும் நம் மக்களைத் தமிழ்ப் படிப்பினின்று விலக்குகின்ற நாமோ வாளாவிருக்கின்றோம்!

ஆதலின், மோரீசு செல்லும் அன்பர் முதலில் அப்பதினாறு படிகளில் ஏறுக. பின்னர் மோக்கா சென்று தம் ஊர்ப்பெயரைத் தேடுக. அதன்பின் கடலில் நீராடுக. அங்ஙனம் கண்டு மீள்வோரை, “யாது கண்டீர்?” என வினவின், “உறவினரைக் கண்டோம்” என்பர். அதுவே பயணத்தின் பயன்.