கேஸ் தொட்டியும் நம்ம வயலும்



நம்ம ஸ்ரீரங்கம் வட்டம் இனாம்குளத்தூரில் சமையல் கேஸ் நிரப்பும் ஆலை இருக்கிறது. திருச்சி ரோட்டில் புல்லட் டேங்கர் லாரிகள் போய்வருகின்றன. கேஸே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்ம வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. ஆனால் தொட்டிக்குள் இருப்பது எப்படிப்பட்டது என்று பக்கத்து வயல்காரனுக்குத் தெரிய வேண்டாமா?

தொட்டிக்குள் இருப்பது காற்று மாதிரி வாயு அல்ல; அழுத்தம் கொடுத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிய திரவம். ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும். வெயிலில் திரவம் பெருகும் என்பதால்தான் தொட்டியை முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விடுகிறார்கள். அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தாங்க வேண்டும். அதனால்தான் உருண்டையாக, இல்லாவிட்டால் முனை உருண்ட நீள உருளையாகச் செய்கிறார்கள். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கிற வால்வும், சூடு தணிக்கத் தண்ணீர் பீச்சும் குழாயும் உண்டு. சில இடங்களில் தீ நெருங்காதபடி தொட்டியை மண்ணால் மூடி மேடு கட்டுகிறார்கள்.

முக்கியமானது இதுதான்: இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. வாய்க்கால், கிணறு, பள்ளம் என்று தாழ்வான இடம் தேடிப் படரும். மோட்டார் சுவிட்சைப் போட்டால் வரும் ஒரு பொறி போதும்!

1997 செப்டம்பரில் விசாகப்பட்டினத்தில் கேஸ் கசிந்து தொட்டிகள் வெடித்து 50 பேருக்கு மேல் மாண்டார்கள். 2025 ஜனவரி 3 அன்று கோவை மேம்பாலத்தில் 18 டன் கேஸ் லாரி கவிழ்ந்தது. தண்ணீர் பீச்சி, சுற்றுவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதால் உயிர்கள் தப்பின. முன்னேற்பாடு இருந்தால் காப்பாற்றலாம் என்பதற்கு அதுவே சாட்சி.

போபாலுக்குப் பிறகு வந்த 1989 விதிகள், ஆலைக்கு வெளியே இருக்கும் மக்களுக்கும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. வெளிப்புற அவசரத் திட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்கவும் சொல்கின்றன. இது சலுகை அல்ல, உரிமை!

நாம் கேட்பது:

1. பெரிய கேஸ் தொட்டி இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் அவசரத் திட்டத்தைக் கிராமசபையில் தமிழில் படிக்க வேண்டும்.

2. ஒத்திகையில் வயல்வேலை செய்வோரையும் சேர்க்க வேண்டும்.

3. சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஊர்ப் பலகையில் எழுத வேண்டும்.

கிராமசபைக்கு வாங்க, கேளுங்க! உழவர் ஒற்றுமை ஓங்குக!