தணிகையில் தணிந்த சினம்

நடுவர் அவர்களே! விளையாட்டு பகையைத்தான் வளர்க்கும் என்றார் எதிரணி நண்பர்.

எங்க ஊர் திருத்தணி. எல்லை தாண்டி வந்த நகரிப் பையன்களிடம் ஒரு சாயங்காலம் எங்க பையன்கள் நாலு ரன்னில் தோற்றார்கள். 'இருட்டில் பந்தே தெரியலை' என்று என் மகன் மட்டையை வீசி எறிந்தான்.

"டேய், எல்லைத் தகராறு 1960-லேயே தீர்ந்தாச்சு, நீ ஆரம்பிக்காதே! (சிரிப்பு) சூரனை ஜெயிச்ச முருகனே கோபத்தை விட்ட மலை இது. தோற்ற நீ அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?" என்றேன்.

போய்க் கைகொடுத்தான். தெலுங்கு கலந்த தமிழில் அந்தப் பையன் சொன்னான்: "அடுத்த வாரம் எங்க ஊருக்கு வாங்க. வெளிச்சத்திலேயே ஆரம்பிப்போம்!"

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற அன்று, சென்னை எழுந்து நின்று கைதட்டியதே, அது பகையா? உறவே என்று தீர்ப்பளியுங்கள்! (கைதட்டல்)